தலையணியில் ஒற்றைக்கால்

என் முதுகெலும்பு வளைந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டொக்டர் அல்ல, என் மாமா. அதையும் அவர் கோயிலில் வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

எங்கள் ஊர் நீர்வேலி. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு பள்ளித் தவணைக்குத் தைத்த காற்சட்டை அடுத்த தவணைக்குக் கட்டையாகிவிடும். அந்த வேகத்தில் வளர்ந்துகொண்டிருந்தேன். பிள்ளையார் கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத்தான் போவோம் அல்லவா? ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, விழுந்து கும்பிடுவதற்காகக் குனிந்தேன். பக்கத்தில் நின்ற மாமா என் முதுகை விரலால் தட்டினார்.

"உதென்னடா, ஒரு பக்கம் மேடாக் கிடக்கு?"

மாமா அம்மாவின் தம்பி. மேசன் வேலை செய்கிறவர். மேடு பள்ளம் என்றால் சாமி கும்பிடும்போதும் அவர் கண்ணுக்குத் தப்பாது. என்னை எழும்பி மறுபடியும் குனியச் சொன்னார். குனிந்தேன். வலது பக்கத்து விலா மேலே எழும்பி, இடது பக்கம் தாழ்ந்திருந்ததாம். அதைப் பார்க்க இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். ஐயர்கூட விபூதித் தட்டோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். நான் குனிந்தபடியே இருந்தேன். எல்லாரும் பார்த்து முடித்த பிறகும், இனி நிமிரலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா அன்று கிணற்றடியில் வைத்து என் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார். பெடியன் வளர்ந்துவிட்டான் என்று முதுகு தேய்த்துவிடுவதை நிறுத்தியதால்தான் இது தன் கண்ணில் படவில்லை என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அதிகம் கதைக்கிற மனிதர் அல்ல. தோட்டக்காரர், விடியமுன் எழும்பி வாழைக்கு இறைக்கப் போனால் பொழுது சாயத்தான் வருவார்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். வாங்குப் பலகையில் இருந்து இருந்து காலை போய் மத்தியானம் வந்தது. டொக்டரும் மாமாவைப் போலவே என்னைக் குனியச் சொன்னார். பிறகு எக்ஸ்ரே எடுப்பித்து, அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். என் முதுகெலும்பு, பெரிய வீதியிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்புகிற ஒழுங்கையைப் போல, மேலே ஒரு பக்கமும் கீழே மறுபக்கமுமாக வளைந்து கிடந்தது.

எலும்பு வளருகிற வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும் என்றார் டொக்டர். பெரும்பாலும் ஏன் வருகிறது என்று தெரியாது. வளர வளர வளைவும் கூடக்கூடும். மிகவும் கூடினால் கொழும்புக்குப் போய் ஒப்பரேசன் செய்யவேண்டும். அதுவரை பயிற்சி செய்துகொண்டு, சில மாதத்துக்கு ஒருமுறை வந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். இதுதான் அவர் சொன்னது.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தோட்டத்திலை வாழைக்குலை தூக்கினவன், டொக்டர். அதாலையோ?"

அதனால் இல்லை என்று டொக்டர் சொன்னார். அம்மா திரும்பவும் கேட்டார். அவர் திரும்பவும் இல்லை என்றார்.

அம்மா இதை வீட்டில் வந்து அப்பாவுக்கு ஒரு சொல் விடாமல் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை நான் தோட்டத்துக்குப் போய் ஒரு குலையைத் தூக்கியபோது, "வை கீழை" என்றார். வைத்தேன். அன்றுமுதல் மண்வெட்டி, வாளி, தண்ணீர்க் குடம் ஒன்றையும் தொட விடவில்லை. சனி ஞாயிறில் நான் செய்த வேலையையும் சேர்த்து அவரே செய்தார். டொக்டர் சொன்னதை அவர் நம்பவே இல்லை. எனக்கோ, இனி நான் ஒன்றுக்கும் உதவமாட்டேன் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார் என்று பட்டது. வரம்பில் குந்தியிருந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா இருப்பதும் களைப்புத்தான்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி பழக்குகிற மிஸ்ஸின் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. என்னைச் சேட்டைக் கழற்றி அதன் முன்னால் நிற்கச் சொன்னார். நேராக நில்லும் என்றார். நின்றேன். நான் நேராகத்தான் நிற்கிறேனா என்று கேட்டார். ஓம் என்றேன். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே, தலை ஒரு பக்கமாக, யாரோ ஒரு பெடியன் நின்றான். மிஸ் என் விலாவிலும் இடுப்பிலும் கையை வைத்து மெல்ல நகர்த்தி, கண்ணாடியில் நேராக வரும்வரை நிறுத்தினார்.

"மிஸ், விழப்போறன்," என்று கத்தினேன்.

"விழமாட்டீர். இதுதான் நேர்," என்றார் அவர். "இவ்வளவு நாளும் சரிஞ்சு நிண்டதாலை உமக்குச் சரிவுதான் நேர் எண்டு படுது. அதைத்தான் நாங்கள் முதல்லை மாத்தவேணும்."

மிஸ் தந்த பயிற்சிகள் இவை: ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு பஞ்சுத் தலையணியின் மேல் ஒற்றைக்காலில் நிற்பது, அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. ஒடுங்கிய பக்கத்து விலாவுக்குள் மூச்சை இழுத்து விரிப்பது. கையையும் முழங்காலையும் நிலத்தில் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. தலையணியில் நிற்கும்போது கால் நடுங்கும். அப்போது உடம்பு தன் நடுவைத் தானே தேடிக் கண்டுபிடிக்குமாம். நாள்தோறும் செய்யவேண்டும், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கவேண்டும் என்று அம்மாவுக்குச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். "நேராக்கித் தாறன் எண்டு நான் சொல்லமாட்டன், அம்மா. ஆடாமல் நிக்கப் பழக்குவன். வளைவு கூடாமல் இருக்குதோ எண்டு பாப்பம்."

பெரிய ஆட்கள் தங்கள் வேலையைக் குறைத்துச் சொல்வது வழக்கம்தானே. மிஸ்ஸும் அப்படித்தான் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். கோயில் திருவிழாவுக்குள் நேராகிவிடவேண்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

ஏனென்றால் விசயம் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. கோயிலில் என் முதுகைப் பார்த்தவர்களில் ஒருவரின் மகன் என் வகுப்பில் படித்தான். எங்களுக்குப் பக்கத்துத் தோட்டம் அவர்களுடையது. குலை போட்ட வாழை பாரம் தாங்காமல் சரியும்போது கவட்டுத் தடி ஒன்றை முட்டுக் கொடுத்து நிறுத்துவோம், நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அவன் என்னைக் காணும்போதெல்லாம், "என்னடா, உனக்கு இன்னும் முட்டுக் குடுக்கேல்லையோ?" என்று கேட்பான். சிரிக்காமல், பெரிய மனிதர் சுகம் விசாரிப்பது போலக் கேட்பான். அதுதான் எனக்கு இன்னும் கோபம். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகாமல் வயிற்றுக்குத்து என்று படுத்துவிடுவேன். ஆனால் கோயில் திருவிழாவில் எங்கள் குடும்பத்துக்கென்று உள்ள நாளில் வயிற்றுக்குத்து எடுபடாது. அன்று எல்லார் முன்னாலும் வெறும் மேலோடு நின்றாகவேண்டும்.

மாலையானால் அறைக்குள் பயிற்சி தொடங்கும். அம்மாவுக்குக் குசினியில் சமையல் வேலை. ஆகவே பக்கத்தில் நிற்கும் ஆள் அப்பாதான். காலில் சேறு காயாமல் வந்து அலுமாரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பார். நான் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் கள்ளமாகத் திறந்து பார்த்தால், அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பார். இரண்டு காலில் நின்றபடி தூங்குவார். நான் சரிந்தால் மட்டும் எப்படியோ கை வந்து பிடித்துவிடும்.

மாமா தன் பங்குக்கு மேசன் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து அலுமாரிக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டார். நூல் நேராகத் தொங்கும். நான் அதோடு ஒத்துப் பார்த்து நிற்கவேண்டும். "என்ரை கையிலை இதுவரை ஒரு சுவர் சரிஞ்சதில்லை, அத்தான். உவனையும் நிமித்திக் காட்டுறன்," என்றார்.

"சுவர் வளருறேல்லை, மச்சான்," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

நாட்கள் போகப் போக எனக்கு அலுத்துவிட்டது. கண்ணாடியில் ஒரு மாற்றத்தையும் காணவில்லை. ஒருநாள் தலையணியைக் காலால் எற்றிவிட்டு, இனி என்னால் ஏலாது என்று நிலத்தில் குந்திவிட்டேன். அப்பா அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையணியை எடுத்து மண்ணைத் தட்டி, பழைய இடத்தில் போட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே அதில் ஏறினார். ஒற்றைக்காலைத் தூக்கினார். தூக்கிய கால் உயரமுன்னமே ஒரு பக்கம் ஆடி, மறுபக்கம் ஆடி, அலுமாரிக் கதவைப் பிடித்தார். கதவு திறந்துகொண்டு அவரோடேயே வந்தது. அம்மாவின் சேலைகள் எல்லாம் அவர் தலையில் கொட்டின.

சத்தம் கேட்டு அம்மா அகப்பையோடு ஓடி வந்தார். அப்பா சேலைகளுக்குள் இருந்தபடி, "நேரான முதுகுக்காரன் நிக்கிற வடிவைப் பார்," என்றார்.

அம்மா சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். நான் எழும்பித் தலையணியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அம்மா சேலைகளை மடித்து முடிக்கும்வரை நின்றேன். ஆனால் இறங்கிக் கண்ணாடியைப் பார்த்தபோது தோள் பழையபடி உயரமாகத்தான் இருந்தது.

திருவிழா வந்தது. நான் சால்வையை முதுகைச் சுற்றிப் போர்த்துக்கொண்டு தூணோடு ஒட்டி நின்றேன். அங்கேதான் மாமா தன் புதிய யோசனையோடு வந்தார். எங்கள் கோயிலில் பெரிய வாகனத்துக்குப் பின்னால் வருகிற சின்ன எலி வாகனத்தைப் பெடியன்கள் தோளில் சுமந்து காவுவதுதான் வழக்கம். "நீயும் காவு," என்றார் மாமா. "உயந்த தோளிலை காவுதடியை வை. பாரம் அமத்த அமத்தத் தோள் கீழை இறங்கும். பிள்ளையாரும் சேந்து அமத்துவார். விளங்குதோ?"

எனக்கு நன்றாக விளங்கியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் மாதக்கணக்காக ஒற்றைக்காலில் நின்றும் இறங்காத தோள் அது; யார் எதைச் சொன்னாலும் நம்புகிற நிலையில் இருந்தேன். அப்பா பெரிய வாகனத்தின் அடியில் நின்றார். அவர் கண்ணில் படாமல் மாமா என் சால்வையை உருவி, மடித்து, வலது தோளில் வைத்து, அதன்மேல் காவுதடியை வைத்தார். எனக்கு முன்னால் அதே தடியைக் காவியவன், முட்டுக் கொடுக்கச் சொல்லுகிற அந்தப் பெடியன்தான்.

"பாத்தடா, பிள்ளையார் சரியப்போறார்," என்றான் திரும்பிப் பார்த்து.

வடக்கு வீதி மூலையில் சிதறு தேங்காய் அடித்திருந்தார்கள். தேங்காய்த் தண்ணீரும் சில்லுகளும் வீதி எல்லாம் கிடந்தன. மேளம் உச்சத்தில் போக, நாங்கள் வாகனத்தை இரண்டு பக்கமும் ஆட்டினோம். அப்போது முன்னால் நின்றவனின் கால் தேங்காய்ச் சில்லில் வழுக்கியது. அவன் முழங்காலில் விழ, தடியின் பாரம் முழுவதும் என் பக்கம் சரிந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. கால் விரல்கள் தாங்களாகவே மண்ணைப் பிடித்தன. இடுப்பு ஒரு பக்கம் போய், திரும்பி, நடுவில் வந்து நின்றது. எலியும் பிள்ளையாரும் கொஞ்சம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தார்கள். மாமா ஓடிவந்து முன் தடியைத் தாங்கினார். விழுந்தவன் எழும்பி முழங்காலைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தும் பாராமல் தன் இடத்துக்கு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அலுமாரிக் கண்ணாடிக்குத்தான் ஓடினேன். தோள் சிவந்து வீங்கியிருந்தது. வீங்கியதால் இன்னும் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. மூச்சு எடுக்கவே முதுகு நொந்தது. அப்பா தோளைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா தேத்தண்ணி குடிக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் நான் மனம் விடவில்லை. வீக்கம் வற்றினால் தெரியும், உள்ளே எலும்பு இறங்கியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் இரண்டாவது எக்ஸ்ரே. அன்று அப்பா தானே வாறன் என்றார். இறைப்பு நாளில் அவர் தோட்டத்தை விட்டு வெளிக்கிட்டதே இல்லை. தண்ணீர் இறைக்கிற மிசினை அம்மாவிடம் விட்டுவிட்டு, கலியாணவீட்டுக்குப் போகிறவர் போல வேட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் மிஸ்ஸின் அறை. என்னைத் தலையணியில் கண்ணை மூடி நிற்க விட்டார். நின்றேன். மிஸ் கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, போதும், இறங்கும் என்றார். நான் எலி வாகனம் காவிய கதையைப் பெருமையாகச் சொன்னேன். மாமாவின் யோசனையைக் கேட்டு மிஸ் நெற்றியில் கையை வைத்தார். இனி அப்படிச் செய்யவே கூடாது என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். ஆனால் தேங்காய்ச் சில்லுப் பகுதி வந்ததும் என்னை நிறுத்தினார்.

"முன்னாலை நிண்டவர் விழ, நீர் விழேல்லையோ?"

"இல்லை, மிஸ்."

"பாத்தீரோ," என்று சந்தோசமாகச் சிரித்தார். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்கு எக்ஸ்ரே தெரியவேண்டும்.

டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். கோடு பிடித்து அளந்தார். எனக்கு அளக்கத் தேவையிருக்கவில்லை. அதே ஒழுங்கை, அதே திருப்பம். இரண்டு படமும் ஒன்றுபோலவே இருந்தன. எத்தனை மாலை, எத்தனை நேரம் ஒற்றைக்காலில் நின்றிருப்பேன்!

அப்பா கதிரையின் நுனியில் குந்தியிருந்தார். "கூடியிருக்கோ, டொக்டர்?"

"கூடேல்லை. அப்படியே நிக்குது."

"கூடேல்லையோ?"

"கூடேல்லை, ஐயா. பயிற்சியை விடாமல் செய்யட்டும். வளர்த்தி முடியுமட்டும் இப்படியே பாப்பம்."

அப்பா ஓம் என்றார். வெளியில் வந்ததும் ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். இத்தனை பாடுபட்டும் நான் நேராகவில்லையே என்று அவருக்கு என்மேல் வெறுத்துப்போய்விட்டது, அதுதான் இப்படி நிற்கிறார் என்று நினைத்தேன்.

பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினோம். கல்வியங்காடு தாண்டமுன்னமே அப்பா தூங்கிவிட்டார். பகலில் இருந்தபடி தூங்குகிற மனிதர் அல்ல அவர். தலை என் தோளில் வந்து விழுந்தது. பாரமான தலை. கோப்பாய் போனது. நீர்வேலிச் சந்தி வந்தது. எழுப்பவேண்டும் என்று தெரிந்தது. எழுப்பினால் என்ன சொல்வாரோ என்று பயமாகவும் இருந்தது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். எங்கள் வாழைத் தோட்டங்களும் பின்னால் போயின. நான் அசையாமல் இருந்தேன்.

புத்தூரில் கொண்டக்டர் வந்து அப்பாவைத் தட்டினார். அப்பா எழும்பி வெளியே பார்த்தார். ஊர் தாண்டிவிட்டது என்று விளங்கியது. என்னை ஏசவில்லை. இறங்கினோம். திரும்புகிற பஸ்ஸுக்கு நிற்போமா என்று கேட்டேன்.

"நடப்பம்," என்றார்.

எங்கே போனாலும் அப்பா முன்னால் நடப்பார், நான் பின்னால் ஓடுவேன். அன்று அவர் முன்னால் வரவில்லை, என் முதுகுக்குப் பின்னாலேயே வந்தார். நான் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக நடந்தார். நின்றால் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாவம், களைத்துப்போனார், என்னை எட்டிப் பிடிக்க ஏலாமல் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சிறுப்பிட்டி தாண்டியபின் திரும்பி, "ஏலாதோ அப்பா? இருந்துபோட்டுப் போவமோ?" என்று கேட்டேன்.

அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. தூக்கம் கலையவில்லை என்று எண்ணினேன்.

"நீ நட," என்றார். "நான் பாத்துக்கொண்டு வாறன்."